முழு இதயத் தடை: ஈசிஜி தாளில் அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

"ஹார்ட்ல பிளாக் இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் நம் ஊரில் பெரும்பாலோர் நினைப்பது ரத்தக்குழாய் அடைப்பைத்தான். ஆஞ்சியோ எப்போது, ஸ்டென்ட் எத்தனை என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இங்கே நாம் பார்க்கப்போகும் பிளாக் வேறு. இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருக்கலாம், ஆனால் துடிப்பைக் கொண்டுசெல்லும் மின்பாதை அறுந்திருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் 'அடைப்பு' என்ற சொல்லைத் தவிர்த்து 'தடை' என்றே எழுதுகிறோம். நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போதும் முதல் வாக்கியத்திலேயே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது.

செவிலியர்கள், ஈசிஜி டெக்னீஷியன்கள், மருத்துவ மாணவர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் தனியாக இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் உறுதிசெய்துவிடக் கூடிய நோய் இது. அப்படியிருந்தும் தவறவிடப்படுகிறது என்றால், தாளைப் பார்க்கும் முறையில்தான் கோளாறு.

மின்பாதை எங்கே அறுகிறது?

வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்னலையை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவும்போது தாளில் தெரிவது பி அலை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத நார்த்திசு இருக்கிறது. அதைத் தாண்ட ஒரே வாசல் ஏவி கணு. 1906இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா, ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்தபோது இந்தக் கணுவைத் தெளிவாக விவரித்தார். அங்கே அலை சற்றுத் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது இடது கிளைகளாகப் பிரிந்து கீழறைகளை எட்டுகிறது. அப்போது எழுவது க்யூஆர்எஸ், அதன் கூர்முனை ஆர். அதன்பின் கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பும்போது எழுவது டி அலை. பி தொடங்கியதிலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும்வரை உள்ள நேரம் பிஆர் இடைவெளி. இயல்பான அளவு 0.12 முதல் 0.20 வினாடி, அதாவது 3 முதல் 5 சிறு கட்டம்.

முழுத் தடையில் இந்த ஒரே வாசல் அடியோடு மூடிவிடுகிறது. சைனஸ் கணுவுக்கு அது தெரியாது, அது வழக்கம்போல மேலறைகளைத் துடிக்கவைத்துக்கொண்டே இருக்கும். கீழே செய்தி வராததால், தடைக்குக் கீழுள்ள ஏதோ ஒரு செல் கூட்டம் தானாகவே மெதுவாகத் துடிக்கத் தொடங்கும். இதற்கு எஸ்கேப் ரிதம் என்று பெயர். நோயாளி உயிரோடு இருப்பதே அதன் தயவில்தான். ஆக ஒரே இதயத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்றுக்கு மற்றொன்றின் நேரம் தெரியாது. ஈசிஜியில் நாம் நிரூபிக்க வேண்டியது இதைத்தான்.

படுக்கையருகே கிடைக்கும் துப்புகள்

தலைசுற்றல், நடந்தால் மேல்மூச்சு, கண் இருட்டிக்கொண்டு வருதல், திடீரென விழுதல் ஆகியவை வழக்கமான புகார்கள். எஸ்கேப் ரிதம் சில வினாடிகள் நின்றுபோனால் முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். முகம் வெளுத்து, கைகால் வெட்டும். துடிப்பு திரும்பியதும் முகம் சிவந்து, சட்டென்று தெளிவு வரும். டப்ளின் நகர மருத்துவர்கள் ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் விவரித்ததால் இதை ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் மயக்கம் என்கிறோம். வலிப்பு என்று நினைத்து ஃபெனிடாயின் ஊசியை நரம்பில் போடுவது இங்கே நடக்கும் மிக ஆபத்தான தவறு. இரண்டாம் நிலைத் தடை (சில அலைகள் மட்டும் கடப்பது), மூன்றாம் நிலைத் தடை (அதாவது முழுத் தடை) உள்ளவர்களுக்கு அந்த ஊசி கூடவே கூடாது. வயதானவருக்கு முதன்முறையாக 'வலிப்பு' வந்தால், நாடியைத் தொட்டுப் பார்க்காமல், ஈசிஜி எடுக்காமல் வலிப்பு மருந்தைத் தொடாதீர்கள்.

நாடி மெதுவாக, ஆனால் ஒழுங்காக, நிறைந்து அடிக்கும். எழுந்து நடந்தாலும் அவ்வளவாக ஏறாது. கழுத்துச் சிரையைக் கொஞ்சநேரம் உற்றுப் பாருங்கள். இடையிடையே ஒரு பெரிய அலை மேல்நோக்கித் துள்ளும். மூடிய வால்வுக்கு எதிராக மேலறை சுருங்கும் கணம் அது. ஸ்டெதஸ்கோப்பில் முதல் ஒலியின் வலு ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் மாறிக்கொண்டே இருக்கும். நாடி மெதுவாக, ஒழுங்காக இருக்கும்போதே முதல் ஒலி இப்படி மாறினால் முழுத் தடையைச் சந்தேகிக்கலாம்.

தாளைச் சரியாக எடுப்பது

வேகம் வினாடிக்கு 25 மி.மீ., உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. இருக்கிறதா என்று தாளின் ஓரத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த வேகத்தில் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, ஒரு பெரிய கட்டம் 0.20 வினாடி.

வழக்கமான 10 வினாடித் தாள் இந்த நோய்க்குப் போதாது. நிமிடத்துக்கு 30 துடிப்பு உள்ளவருக்கு அதில் ஐந்து க்யூஆர்எஸ்தான் விழும். அதனால் 12 லீட் (இதயத்தைப் பார்க்கும் 12 கோணங்கள்) எடுத்து முடித்த பிறகு, லீட் 2ஐ மட்டும் தொடர்ச்சியாக 30 வினாடி முதல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பி அலை பொடியாக இருந்தால் உயரத்தை 20 மி.மீ. ஆக்குங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் மார்பு லீட் வி1ஐப் பாருங்கள், பி அலை பெரும்பாலும் அங்கே நன்றாக விழும். அதுவும் கைகொடுக்காவிட்டால் லூயிஸ் லீட் என்ற பழைய உத்தி இருக்கிறது: வலது கை எலெக்ட்ரோடை மார்பெலும்பின் மேல்பகுதியிலும், இடது கை எலெக்ட்ரோடை மார்பெலும்பின் வலது ஓரத்தில் நான்காவது விலா இடைவெளியிலும் ஒட்டி, லீட் 1ஐ ஓடவிட வேண்டும். தாளில் 'லூயிஸ் லீட்' என்று கையால் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து பார்ப்பவர் குழம்புவார்.

நடுங்கும் கை, குளிரில் விறைத்த தசை, அருகில் ஓடும் ஃபேன், ஈரமான கட்டில் கம்பி எல்லாம் அடிக்கோட்டைக் கிறுக்கிவிடும். அந்தக் கிறுக்கலில் பி அலை தொலையும், அல்லது இல்லாத பி அலை முளைக்கும். எலெக்ட்ரோடு ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, கைகளைத் தளர்வாக வைக்கச் சொல்லி இன்னொரு முறை எடுப்பதில் இரண்டு நிமிடம்தான் போகும்.

தாளைப் படிக்கும் படிகள்

மேலே இயந்திரம் அச்சிட்டிருக்கும் முடிவை முதலில் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். 'சைனஸ் பிராடிகார்டியா' (சைனஸ் கணுவே மெதுவாகத் துடிப்பது) என்று அது எழுதியிருந்தால் உங்கள் கண்ணும் அதையே தேடும். இயந்திரம் பி அலைகளைத் தவறவிடுவது சகஜம். உயரமான டி அலையை க்யூஆர்எஸ் என்று எண்ணி, 35 துடிப்பை 70 என்று காட்டுவதும் உண்டு.

*முதல் படி: க்யூஆர்எஸ்களை மட்டும் பாருங்கள்.* இடைவெளி எல்லாம் ஒன்றுதானா? இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே உள்ள சிறு கட்டங்களை எண்ணி 1500ஐ அதால் வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். 10 வினாடியில் உள்ளதை எண்ணி ஆறால் பெருக்கும் குறுக்குவழி மெதுவான துடிப்பில் சரிவராது, ஒரு துடிப்பு கூடினால் கணக்கு ஆறு கூடிவிடும்.

*இரண்டாம் படி: பி அலைகளை மட்டும் பாருங்கள்.* இதுதான் உயிர்நாடியான படி. காலிபர் (இடைவெளி அளக்கும் இருமுனைக் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளின் நேரான ஓரத்தை ஈசிஜியில் வைத்து, பக்கத்துப் பக்கத்தில் தெளிவாகத் தெரியும் இரண்டு பி அலைகளுக்கு நேராகக் கோடு போடுங்கள். முதல் கோட்டை இரண்டாவது பி இருந்த இடத்துக்கு நகர்த்தினால், அடுத்த பி எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டாவது கோடு காட்டும். இப்படியே தாளின் கடைசிவரை அடியெடுத்து வைத்துச் செல்லுங்கள். கோடு காட்டும் இடத்தில் பி இல்லையென்றால் அது காணாமல் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. க்யூஆர்எஸ்ஸுக்குள் முழுதாகப் புதைந்திருக்கும், அல்லது டி அலையின்மேல் ஏறி அதைக் கூம்பாக்கியிருக்கும். ஒரு டி அலை மட்டும் மற்ற டி அலைகளைவிட வேறு உருவத்தில் இருந்தால், உள்ளே பி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

பி-பி இடைவெளி ஒரு கட்டம் முன்பின் இருந்தால் பதற வேண்டாம். நடுவே ஒரு க்யூஆர்எஸ் மாட்டிக்கொண்ட பி-பி இடைவெளி, மாட்டாததைவிடக் கொஞ்சம் குறுகி இருப்பது இந்த நோயில் அடிக்கடி காணக்கூடியதே.

*மூன்றாம் படி: இரண்டின் வேகத்தையும் ஒப்பிடுங்கள்.* முழுத் தடையில் பி வேகம் க்யூஆர்எஸ் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும், கீழே வருகிறது.

*நான்காம் படி: ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் உள்ள பிஆரை அளந்து, தாளிலேயே எண்ணை எழுதுங்கள்.* ஒழுங்கில்லாமல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மனத்தால் அளக்காதீர்கள். 0.18, 0.20 என்று இரண்டு இடத்தில் கண்ணுக்குப் பழகிய அளவு வந்துவிட்டால், எல்லாம் கடத்தப்படுவதாகவே மனம் முடிவுகட்டிவிடும்.

*ஐந்தாம் படி: எந்த பியாவது கடந்திருக்கிறதா?* பி-பி ஒழுங்கு, ஆர்-ஆர் ஒழுங்கு, பிஆரில் ஒழுங்கே இல்லை, பி வேகம் அதிகம், கீழறைத் துடிப்பு மெதுவாக இருப்பதால் ஒரு பியாவது கடந்துசெல்ல வேண்டிய நல்ல வாய்ப்பு பலமுறை இருந்தும் ஒன்றும் கடக்கவில்லை. இந்த ஐந்தும் சேர்ந்தால் முழு இதயத் தடை. நடுவில் ஒரே ஒரு க்யூஆர்எஸ் மட்டும் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னதாக வந்து, அதற்கு முன்னால் பொருத்தமான தூரத்தில் ஒரு பி இருந்தால், அந்த பி கடந்துவிட்டது என்று பொருள். அது முழுத் தடை அல்ல, உயர்நிலைத் தடை. ஆபத்து ஏறக்குறைய அதேதான். ஆனால் பெயரைச் சரியாக எழுத வேண்டும்.

எண்களோடு ஒரு தாள்

ஒரு தாளை மனத்தில் விரித்துக்கொள்வோம். பி-பி இடைவெளி எல்லா இடத்திலும் 20 சிறு கட்டம், அதாவது நிமிடத்துக்கு 75. ஆர்-ஆர் இடைவெளி எல்லா இடத்திலும் 47 சிறு கட்டம், 1500ஐ வகுத்தால் 32. முதல் ஐந்து க்யூஆர்எஸ்களின் பிஆர் வரிசையாக 0.44, 0.72, 0.20, 0.48, 0.76 வினாடி. மூன்றாவதை மட்டும் தனியாகப் பார்த்தால் அச்சுஅசலாக இயல்பான துடிப்பு! அது கடத்தப்பட்டதாக இருந்தால் அதற்கு முந்தைய ஆர்-ஆர் மாறியிருக்க வேண்டும். 47 கட்டமாகவே இருக்கிறது. ஆகவே தற்செயல்தான். இரண்டாவது, ஐந்தாவது க்யூஆர்எஸ்களுக்குள் ஆளுக்கொரு பி புதைந்திருக்கும், தாள் ஓரத்தை வைத்து நகர்ந்தால்தான் அது பிடிபடும்.

இப்போது ஆர்-ஆரை மட்டும் 42 கட்டமாக மாற்றுவோம். பிஆர் 0.44, 0.52, 0.60, 0.68, 0.76 என்று ஒவ்வொரு துடிப்புக்கும் 0.08 வினாடி ஏறிக்கொண்டே போகும். பார்த்தவுடன் 'வெங்கபாக்' (பிஆர் படிப்படியாக நீண்டு, ஒரு பி கடக்காமல் விழும் இரண்டாம் நிலைத் தடை) என்று கை எழுதிவிடும். இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். வெங்கபாக்கில் ஒரு பி விழுந்த இடத்தில் இடைவெளி நீளும், க்யூஆர்எஸ்கள் கும்பல் கும்பலாக நிற்கும். இங்கோ ஆர்-ஆர் அளவுகோல் வைத்ததுபோல ஒரே அளவு. இரண்டு கடிகாரங்களின் வேகம் ஒன்று மற்றொன்றின் மடங்குக்கு அருகே வந்துவிட்டால் இப்படி ஒரு பொய் ஒழுங்கு தோன்றும். ஆர்-ஆர் சரியாக 40 கட்டமாக இருந்துவிட்டாலோ பிஆரும் அப்படியே நிற்கும், 2:1 தடைபோல (இரண்டு பிக்களில் ஒன்று மட்டும் கடப்பது) முழுதாக ஏமாற்றும். அதை உடைக்கத்தான் ஒரு நிமிட நீளத் தாள் கேட்டோம். நேரம் போகப்போக பி மெல்ல நழுவும்.

ஏமாற்றும் மற்ற தாள்கள்

*வெங்கபாக், மோபிட்ஸ் 2:* இரண்டாம் நிலைத் தடைகள். இவற்றில் சில பி கடக்கும், சில கடக்காது. அதனால் ஆர்-ஆர் ஒழுங்கு எங்காவது உடையும். மோபிட்ஸ் 2இல் கடக்கும் பிக்களின் பிஆர் ஒரே அளவு, திடீரென ஒரு பி மட்டும் தனியாக நிற்கும். அதிலிருந்து முழுத் தடைக்குப் போக நேரம் பிடிக்காது.

*மேலறையின் முன்கூட்டிய துடிப்பு கடக்காமல் நிற்பது:* நடுவில் நீண்ட இடைவெளி தெரியும், பி ஒன்று தனியாக நிற்கும். ஆனால் அந்த பி நேரத்துக்கு முன்னால் வந்தது, உருவமும் சற்று வேறு. தாள் ஓரக் கோட்டில் பொருந்தாது. இதற்கு பேஸ்மேக்கர் வேண்டாம்.

*ஏவி பிரிவு:* மேலறையும் கீழறையும் தனித்தனியாகத் துடிப்பதெல்லாம் தடை அல்ல. சைனஸ் கணு 50இல் சோம்பிக் கிடக்க, ஏவி சந்திப்பு (ஏவி கணுவும் ஹிஸ் கற்றையும் சேரும் பகுதி) 55இல் துடித்தாலும் பியும் க்யூஆர்எஸ்ஸும் பிரிந்துதான் நிற்கும். வாசல் மூடவில்லை, கீழே இருப்பவர் முந்திக்கொண்டார், அவ்வளவே. வென்ட்ரிகுலர் டாகிகார்டியாவிலும் (கீழறையிலிருந்தே எழும் அதிவேகத் துடிப்பு) பிரிவு உண்டு, அங்கே க்யூஆர்எஸ் வேகம் பியைவிட மிக அதிகம். மூன்றாம் படி இதற்காகத்தான்.

*ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு முழுத் தடை:* இங்கே மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவதால் பி அலையே கிடையாது, அதனால் மேலே சொன்ன முறை பயன்படாது. ஃபிப்ரிலேஷனில் நாடி தாறுமாறாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஆர்-ஆர் திடீரென மெதுவாகவும் ஒழுங்காகவும் ஆகிவிட்டால், நாடி சரியாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வாசல் முழுதாக மூடிவிட்டது. டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த மருந்தின் நஞ்சேற்றத்தை முதலில் சந்தேகியுங்கள்.

தடை எந்த உயரத்தில்?

க்யூஆர்எஸ் ஒடுக்கமாக, மூன்று சிறு கட்டத்துக்குள், வேகம் 40 முதல் 60க்குள் இருந்தால் எஸ்கேப் ரிதம் ஏவி சந்திப்பிலிருந்து வருகிறது. தடை பெரும்பாலும் கணுவில். நம்பகமான துடிப்பு, துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோபின் மருந்துக்கும் ஓரளவு செவிசாய்க்கும். க்யூஆர்எஸ் அகன்று, வேகம் 20 முதல் 40க்குள் இருந்தால் தடை ஹிஸ் கற்றைக்கு அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் துடிப்பு எந்த நிமிடமும் நின்றுபோகலாம். ஏற்கெனவே கிளைக்கற்றைத் தடை இருந்தவருக்கு, தடை மேலே கணுவில் இருந்தாலும் க்யூஆர்எஸ் அகலமாகத்தான் வரும். பழைய ஈசிஜி வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், இந்தக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

அகன்ற எஸ்கேப் துடிப்பைப் பார்த்து, கீழறைக் கோளாறுத் துடிப்பு என்று நினைத்து அதை அடக்கும் லிக்னோகெயினோ அமியோடரோனோ கொடுத்தால், கடைசியாக மிஞ்சியிருக்கும் துடிப்பையும் அணைத்துவிடுவோம். நிமிடத்துக்கு 35 துடிக்கும் அகன்ற க்யூஆர்எஸ்ஸை எதிரியாகப் பார்க்கக் கூடாது.

க்யூடி இடைவெளியையும் (க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவுவரை) அளந்துவிடுங்கள். மெதுவான துடிப்பில் அது நீண்டு, டோர்சாட் என்ற முறுக்குத் துடிப்பைக் கிளப்பலாம். சிலருக்கு மயக்கம் வருவது துடிப்பு நின்றதால் அல்ல, இதனால்தான். அங்கே நரம்பு வழி மெக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம், குறைந்த பொட்டாசியத்தைச் சரிசெய்வது, தற்காலிக பேஸிங் (கருவியின் மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைப்பது) வேகத்தை 90க்கு மேல் வைப்பது ஆகியவை உதவும்.

காரணத்தைத் தேடுதல்

முதியவர்களில் மிகப் பொதுவான காரணம் மின்பாதை வயதோடு நாராகித் தேய்வது. இது மீளாது. ஆனால் மீளக்கூடிய காரணங்களை விலக்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

மாத்திரைப் பையைத் தரையில் கொட்டிப் பார்ப்பது முதல் வேலை. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், வெரபமில், டில்டியாசம், டிகாக்சின், அமியோடரோன் ஆகியவற்றைத் தேடுங்கள். பிரஷருக்கு ஒரு டாக்டர், நெஞ்சுவலிக்கு இன்னொரு டாக்டர் என்று போனவரிடம் பீட்டா பிளாக்கரும் டில்டியாசமும் சேர்ந்தே கிடைக்கும்.

அடுத்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருப்பது. சிறுநீரகம் பழுதானவர், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர், அதோடு வாந்திபேதியில் வறண்டு போனவர், களைப்புக்கு இளநீர் இளநீராகக் குடித்தவர் என்றால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். பி அலை தட்டையாகி மறைந்து, டி அலை கூம்பாகி, க்யூஆர்எஸ் அகன்றிருந்தால் 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக நரம்பில் கொடுங்கள். அதிக பொட்டாசியமும் பீட்டா பிளாக்கரும் ஒன்றையொன்று மோசமாக்கும் சுழல் இது. பேஸ்மேக்கர் இல்லாமலே பலர் இதிலிருந்து மீள்கிறார்கள்.

மாரடைப்பில் இரண்டு கதை. லீட் 2, 3, ஏவிஎஃப் ஆகியவற்றில் எஸ்டி பகுதி (க்யூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் நடுவே உள்ள கோடு) உயர்ந்த கீழ்ப்புற மாரடைப்பில் தடை ஏவி கணுவில். பெரும்பாலோருக்கு அந்தக் கணுவுக்கு ரத்தம் கொடுப்பது வலது கரோனரிக் குழாய்தான். ஒடுக்கமான க்யூஆர்எஸ், சில நாட்களில் தானே தேறும். வலது கீழறையும் அடிபட்டிருக்கிறதா என்று வலது மார்பு லீட் வி4ஆர் எடுத்துப் பாருங்கள். முன்புற மாரடைப்பில் வரும் முழுத் தடைக்குப் பொருள் வேறு: நடுச்சுவரின் பெரும்பகுதி செத்திருக்கிறது. க்யூஆர்எஸ் அகலம், உயிராபத்து மிக அதிகம்.

தமிழகத்திலும் இலங்கையிலும் பணிபுரிபவர்கள் மஞ்சள் அரளி நஞ்சை மறக்க முடியாது. அதிலுள்ள பொருட்கள் டிகாக்சின்போலவே வேலைசெய்து, தடையையும் உயர் பொட்டாசியத்தையும் சேர்த்தே உண்டாக்கும். இளம் வயதினர், இதயநோய் வரலாறு இல்லை, வாந்தி, மெதுவான நாடி என்றால் தனியே அழைத்துப்போய்க் கனிவாகக் கேளுங்கள். வந்தபோது ஈசிஜி நன்றாக இருந்தாலும் தடை மணிக்கணக்கில் தாமதித்து வரலாம், மானிட்டரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இதற்கு டிகாக்சின் எதிர்ப்புப் புரதம் மாற்று மருந்து. விலையும் கிடைப்பதும்தான் தடங்கல். உயிர் பிழைத்தவருக்கு மனநல ஆலோசனையும் சிகிச்சையில் ஒரு பகுதி.

இதயத் தசை அழற்சி, தொண்டை அடைப்பான், சார்காய்டோசிஸ், பெருநாடி வால்வுக்கு அருகே சீழ்க்கட்டி, வால்வு அறுவை சிகிச்சை ஆகியவையும் பட்டியலில் உண்டு. காய்ச்சலோடு வந்த எண்டோகார்டைட்டிஸ் (இதய உட்சவ்வு, வால்வுத் தொற்று) நோயாளியின் பிஆர் நாளுக்கு நாள் நீண்டால் வால்வின் வேரில் சீழ் பரவுகிறது என்று பொருள். பிறவித் தடையில் தாயின் ரத்தத்தில் உள்ள ஆன்டி-ரோ, ஆன்டி-லா எதிர்ப்பொருட்கள் கருவின் மின்பாதையைக் கெடுக்கின்றன. கருவின் இதயத்துடிப்பு 18 முதல் 24ஆம் வாரத்தில் மெதுவாகத் தெரிந்தால், தாய்க்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் இதைச் சோதிக்க வேண்டும்.

தாளைப் பார்த்த அடுத்த பத்து நிமிடம்

நோயாளியைப் படுக்கவையுங்கள், எழுந்து கழிப்பறைக்கு நடக்கவிடாதீர்கள். மானிட்டர், நரம்பு ஊசி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு. டீஃபிப்ரிலேட்டர் பேடுகளை மார்பிலும் முதுகிலும் இப்போதே ஒட்டிவிடுங்கள், தேவை வந்தபிறகு தேடக் கூடாது. சிறிய மருத்துவமனை என்றால் 108ஐ அழைக்கும்போதே பேஸிங் வசதி உள்ள இடத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தம் குறைவு, நினைவுத் தடுமாற்றம், நெஞ்சுவலி, நுரையீரலில் நீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனடி சிகிச்சை. அட்ரோபின் 1 மி.கி. நரம்பில் ஒரே வீச்சில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை. அரை மில்லிகிராமுக்குக் குறைவாகக் கொடுத்தால் துடிப்பு மேலும் குறையக் கூடும். அகன்ற க்யூஆர்எஸ்ஸில் அட்ரோபின் பெரும்பாலும் பலிக்காது, பி வேகம் மட்டும் ஏறும். அதை நம்பி நேரத்தைக் கழிக்காமல் அட்ரினலின் நிமிடத்துக்கு 2 முதல் 10 மைக்ரோகிராம், அல்லது டோபமின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 முதல் 20 மைக்ரோகிராம் சொட்டைத் தொடங்குங்கள். இன்னொருவர் வெளிப்புற பேஸிங்கைத் தயார்செய்யட்டும்.

வெளிப்புற பேஸிங்கில் வேகத்தை 60 முதல் 80க்குள் வைத்து, மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் (கருவியின் தூண்டலைத் திரையில் காட்டும் செங்குத்துக் கோடு) பின்னால் அகன்ற க்யூஆர்எஸ்ஸும் பெரிய டி அலையும் வந்தால் பிடித்துவிட்டது. அதற்கு மேல் 10 மில்லிஆம்பியர் கூட்டி நிறுத்துங்கள். திரையில் பிடித்ததுபோல் தெரிந்தால் மட்டும் போதாது, தொடையிடுக்கில் நாடி பார்க்க வேண்டும், அல்லது ஆக்ஸிமீட்டர் அலை ஒவ்வொரு முள்ளோடும் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்து நாடி உதவாது, தசை வெட்டுவதே நாடிபோல் கையில் தட்டும். நினைவோடு இருப்பவருக்கு இது வலிக்கும், வலிமருந்தும் மயக்கமருந்தும் கொடுத்தே ஆக வேண்டும். இது ஒரு பாலம் மட்டுமே. அடுத்தது, பெரும்பாலும் கழுத்தின் வலது சிரை வழியாகத் தற்காலிக பேஸிங் கம்பி.

நிரந்தர பேஸ்மேக்கர்

மீளக்கூடிய காரணம் இல்லாத, பிறவியில் வராத முழுத் தடைக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்வது. 'நல்லாத்தானே நடக்கிறார்' என்று தள்ளிப்போடுவது, எஸ்கேப் ரிதத்தின்மேல் பந்தயம் கட்டுவது. பிறவித் தடையில் மட்டும் குழந்தையின் வேகம், க்யூஆர்எஸ் அகலம், இதயத்தின் அளவு பார்த்து நேரம் முடிவாகும். சைனஸ் துடிப்பு உள்ளவருக்கு மேலறையிலும் கீழறையிலும் கம்பி வைக்கும் இரட்டை அறைக் கருவி பொருந்தும், ஏனெனில் அது பி அலையைக் கேட்டு கீழறையைத் தூண்டும். அறுந்த பாதைக்கு மாற்றுப் பாதை போட்டதுபோல. நிரந்தர ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குக் கீழறைக் கம்பி ஒன்றே போதும்.

உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரே இந்த நோய்க்காக வந்ததுதான். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில், ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியை அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் அடுத்தடுத்து மாற்றப்பட்ட கருவிகளோடு லார்சன் 2001 வரை, 86 வயதுவரை வாழ்ந்தார்.

அந்தத் தாளை என்ன செய்வது?

தடை சிலருக்கு வந்து வந்து போகும். பெரிய மருத்துவமனையை அடையும்போது ஈசிஜி சாதாரணமாக ஆகியிருக்கலாம். பேஸ்மேக்கர் வைத்தபிறகோ அடியிலிருந்த துடிப்பு எளிதில் தெரியாது. அதனால் முதலில் எடுத்த நீளத் தாள்தான் ஆதாரம். அதில் தேதி, நேரம், அப்போதைய ரத்த அழுத்தம், மயக்கம் இருந்ததா, எந்த மருந்து கொடுத்த பிறகு எடுத்தது என்பதையெல்லாம் பேனாவால் எழுதுங்கள். தாளை மேசையில் நேராக விரித்து, நிழல் விழாமல், கட்டங்கள் தெரியும்படி போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். அசல் தாளை நோயாளியோடு அனுப்பி, ஜெராக்ஸ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஜி தாள் வெப்பத்தால் எழுதப்படுவது. வெயிலில் கிடந்தால் மங்கும், செலோடேப் ஒட்டிய இடம் வெளுக்கும், பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டார் லாமினேட் செய்தால் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். இதை அவர்கள் கையில் தாளைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.